மலேசியா வேலை விசா என்று 1,40,000 ரூபாய் பறித்துவிட்டார்கள்

முந்தாநாள் விடியற்காலையில் சென்னையில் வந்து இறங்கினேன். இன்னும் கண்ணை மூட முடியவில்லை. மலேசியா வேலைக்குப் பணம் கட்டப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள். என்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் இருக்கும் ஒரு டிராவல்ஸ். புகார் கொடுத்திருப்பதால் பெயர் போடவில்லை. குடோனில் வேலை, மொத்தம் 1,40,000 ரூபாய், அதில் பாதி விசா செலவு என்றார்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். நகையை அடகு வைத்துத்தான் கட்டுகிறோம் என்று அம்மா சொன்னதும், "முதல் மாசச் சம்பளத்துலயே உங்க பையன் மீட்டுக் கொடுத்துடுவான்மா" என்றார் அந்த ஆள். அங்கேதான் விழுந்தேன். அப்புறம் ரசீது கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை.

கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது, "விசா வந்துடுச்சு தம்பி" என்று பிளாஸ்டிக் கவரில் ஒரு தாளைக் கொடுத்தார். என் பெயர், பாஸ்போர்ட் நம்பர் எல்லாம் இருந்தது. அம்மா அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டார். அது விசாவே இல்லை! எம்டிஏசி என்கிற டிஜிட்டல் வருகை அட்டை. போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நாமே ஆன்லைனில் நிரப்பலாம், ஒரு பைசா கிடையாது. 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் வரை சுற்றிப்பார்க்கப் போகும் இந்தியர்களுக்கு மலேசியா விசாவே கேட்பதில்லை. இல்லாத விசாவுக்குத்தான் என்னிடம் காசு வாங்கியிருக்கிறார்கள்.

"கவுண்டர்ல டூரிஸ்ட்னு சொல்லு, அங்கே போனதும் பர்மிட் மாத்திக்கலாம்" என்று சொல்லி அனுப்பினார். கோலாலம்பூர் விமான நிலையத்தில் அதிகாரி நான் காட்டிய ஓட்டலுக்கு போன் போட்டார். புக்கிங் ரத்தாகியிருந்தது. அவர் மேல் குற்றமில்லை, அவர் வேலையைத்தான் செய்தார். ஒரு ராத்திரி பெஞ்சில் உட்கார வைத்து, என்.டி.எல். என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாட்டுக்குள் நுழைய அனுமதி இல்லை என்று அர்த்தம்.

சென்னையில் இறங்கியதும் அந்த டிராவல்ஸ் ஆளுக்குப் போன் செய்தேன். "நீ ஒழுங்கா பேசியிருக்கணும்" என்றார். நேற்று நேரில் போனேன். சார் மதியம் வருவார் என்றார்கள், அப்புறம் வெளியூர் என்றார்கள். கீழே அவர் பைக் நிற்கிறது! சாயங்காலம் ஆறு மணிவரை உட்கார்ந்திருந்தேன். கடைசியில் வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ்: "விசா பணம் எம்பசிக்குக் கட்டியாச்சு, திரும்ப வராது." எந்த விசாவுக்கு எந்த எம்பசியில் கட்டினார்? 1,40,000 ரூபாய். வட்டி அம்மா கட்டுகிறார்.

சரி, பார்க்க வேண்டியவை. சுற்றிப்பார்க்கும் அனுமதியில் வேலைக்குப் போகாதீர்கள். அங்குள்ள முதலாளி முதலில் குடிநுழைவுத் துறையில் அனுமதி வாங்க வேண்டும், அதை வைத்துத்தான் காலிங் விசா என்கிற வேலை விசா வரும். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று இந்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பாருங்கள். பதிவு பெற்றவரே சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். பணத்தைக் கையில் கொடுக்காதீர்கள், ரசீது வாங்குங்கள். பத்து மணிக்கு போலீஸ் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், கிளம்புகிறேன்.