டிஜிட்டல் நெகட்டிவ் வெளில போடக் குடுக்கிறவங்க மொத்தப் பணத்தையும் முன்னாடியே கட்டிடாதீங்க

பாட்டி போன வருஷம் தவறிட்டாங்க. அவங்களோட கடைசி நல்ல போட்டோ டிஜிட்டல் கேமராவுல எடுத்தது, ஃபிலிம்ல ஒண்ணுகூட இல்ல. அத டார்க்ரூம்ல ஃபைபர்ங்கற போட்டோ பேப்பர்ல என் கையால பிரிண்ட் போட்டு அப்பா, அத்தை, சித்தப்பான்னு ஆளுக்கு ஒண்ணு குடுக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. காண்டாக்ட் பிரிண்ட், அதாவது நெகட்டிவ பேப்பர் மேலயே ஒட்ட வச்சு லைட் காட்டிப் போடறதுன்னா, பேப்பர் சைஸுக்கே நெகட்டிவ் வேணும், என்கிட்ட அதுக்கேத்த பிரிண்டர் கிடையாது, அதான் டிஜிட்டல் நெகட்டிவ், அதாவது கம்ப்யூட்டர் ஃபைல்லேர்ந்து பெரிய நெகட்டிவ் போட்டுத் தர்ற ஒரு இடத்துல ஆர்டர் குடுத்தேன். பேர் போடல, ஆனா நடந்தத முழுசா சொல்லிடறேன்.

இங்க்ஜெட் இல்ல, நிஜ ஃபிலிம் மேல லைட்டால எழுதி டெவலப் பண்ணித் தருவோம், சில்வர் ஜெலட்டின் பேப்பருக்குன்னே (நான் போடப் போற டார்க்ரூம் பேப்பர்தான்) கர்வ் போட்டது, அதாவது அந்த பேப்பருக்கு ஏத்தபடி அடர்த்திய சரிபண்ணினது, புள்ளியே தெரியாதுன்னு சொன்னாங்க. 8க்கு 10 இன்ச்ல 6 ஷீட், பணம் மொத்தமும் முன்கூட்டியே. 2 வாரம்னாங்க, 7 வாரம் ஆச்சு, அதக்கூட நான் பெருசா எடுத்துக்கல.

கவரப் பிரிச்சதுமே சந்தேகம் வந்துடுச்சு. ஃபிலிம் மாதிரியே இல்ல, ஒரு பக்கம் வழவழன்னு, இன்னொரு பக்கம் ஈர விரல் வச்சா ஒட்டுது, அடர்த்தியான இடமெல்லாம் பச்சையும் மஞ்சளும் கலந்த ஒரு கலர். லைட் டேபிள்ல வச்சு லூப்ல (பூதக்கண்ணாடி) பாட்டிக்குப் பின்னாடி இருக்கிற வானத்தப் பாத்தேன், பொடிப்பொடியா இங்க் புள்ளி, அதுக்கு நடுவுல ஒரே இடைவெளில நேர் கோடு கோடா பேண்டிங். சாதாரண ஓஹெச்பி ஷீட்ல இங்க்ஜெட்ல அடிச்சது.

இங்க்ஜெட் நெகட்டிவே தப்புன்னு நான் சொல்ல வரல, அதுல அருமையா பிரிண்ட் போடறவங்க இருக்காங்க. ஆனா சயனோடைப், பிளாட்டினம் மாதிரி பழைய பிரிண்ட் முறைகள்ல வாட்டர்கலர் பேப்பர்ல போடறப்ப அந்த பேப்பரோட சொரசொரப்புல புள்ளியெல்லாம் மறைஞ்சிடும், பளபள சில்வர் ஜெலட்டின் பேப்பர்ல எதுவுமே மறையாது, எல்லாம் அப்படியே வந்து நிக்கும். எதுல அடிச்சோம்னு உண்மையச் சொல்லியிருந்தா நான் வேற மாதிரி யோசிச்சிருப்பேன்.

சரி, வந்தது வந்துடுச்சுன்னு கண்ணாடிக்கு அடில வச்சு டெஸ்ட் ஸ்ட்ரிப் (சின்னப் பட்டைல சோதனை பிரிண்ட்) போட்டேன். புடவை மடிப்பெல்லாம் கன்னங்கரேல்னு ஆயிடுச்சு, பாட்டியோட நரைமுடி வெறும் வெள்ளை பேப்பர். அந்த முடில ஒவ்வொரு இழையும் ஃபைல்ல இருக்கு, பிரிண்ட்ல ஒண்ணு இல்ல. எக்ஸ்போஷர் ஏத்தினா முடி லேசா வருது, ஆனா அதுக்குள்ள முகத்துல பாதி இருட்டாயிடுது. மல்டிகிரேட் பேப்பர்ல 00 ஃபில்டர் (கான்ட்ராஸ்ட ரொம்பக் குறைக்கறது) வரைக்கும் இறக்கிப் பாத்துட்டேன், சரியா வரல. அந்த பேப்பர் லைட்டோட கலருக்கு ஏத்த மாதிரி கான்ட்ராஸ்ட் மாத்தறது, நெகட்டிவ்ல இருக்கிற கலர் இங்க்கே ஒரு ஃபில்டர் மாதிரி வேலை பாக்குது, அப்புறம் நான் மேல எந்த ஃபில்டர் போட்டு என்ன.

அதோட மிரர் பண்ணாம அடிச்சிருக்காங்க. இங்க் இருக்கிற பக்கம் பேப்பரோட எமல்ஷன (லைட்ட வாங்கற பூச்சு) தொட்டாதான் ஷார்ப்பா வரும், அப்படி வச்சா பாட்டி இடம் வலம் மாறிடறாங்க, திருப்பி வச்சா நடுவுல ஷீட்டோட தடிமன் வந்து கண்ணிமையெல்லாம் மழுங்கிப் போகுது.

கேட்டதுக்கு முதல்ல உங்க டெவலப்பர் (படத்த வரவைக்கற கெமிக்கல்) பழசுன்னாங்க, அப்புறம் சேஃப்லைட்ல (டார்க்ரூம் விளக்கு) பேப்பர் ஃபாக் ஆயி கெட்டிருக்கும்னாங்க. அதனால அன்னிக்கு ராத்திரியே, அதே ட்ரே, அதே டெவலப்பர், அதே பேப்பர்ல என்னோட பழைய கேமரா நெகட்டிவ் ஒண்ண காண்டாக்ட் போட்டேன், பிரமாதமா வந்துச்சு. 21 படி ஸ்டெப் வெட்ஜும் (படிப்படியா அடர்த்தி ஏறற ஒரு ஃபிலிம் பட்டை) போட்டேன், ஒரு படிக்கு 0.15 டென்சிட்டி (அடர்த்தி அளவு), அதாவது அர ஸ்டாப். முழுக் கறுப்புலேர்ந்து வெள்ளை வரைக்கும் என் பேப்பர் 7 படி காட்டுச்சு, கிட்டத்தட்ட 1.05. தெரிஞ்சவர் ஒருத்தர்கிட்ட டென்சிடோமீட்டர் (அடர்த்தி அளக்கற கருவி) இருக்கு, அதுல அவங்க நெகட்டிவ அளந்தா ரேஞ்ச் 1.65, அது 11 படி. 7 படி தாங்கற பேப்பர்ல 11 படி எப்படிங்க அடங்கும், சயனோடைப் மாதிரி யூவி லைட்டுல போடறதுக்கு வச்சிருந்த கர்வையே தூக்கி எனக்கும் போட்டிருக்காங்கன்னுதான் எனக்குத் தோணுது.

இந்த பிரிண்ட் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி அவங்களுக்கு அனுப்பினேன். அதுக்கப்புறம் பதிலே இல்ல. பணமும் வரல.

நான் பண்ணின தப்பு, மொதல்ல சின்னதா 4க்கு 5 இன்ச்ல ஒரே ஒரு டெஸ்ட் நெகட்டிவ் கேக்காம நேரா 6 ஷீட் சொன்னது. படத்தோட ஓரத்துலயே ஸ்டெப் வெட்ஜும் சேத்து அடிச்சுத் தரச் சொல்லுங்க, அந்த ஒரு பட்டை இருந்தா யாரு மேல தப்புன்னு ஒரு பிரிண்ட்ல தெரிஞ்சிடும். கர்வ் எந்த பேப்பருக்குப் போட்டதுன்னு கேளுங்க, பேப்பர் பேரே சொல்லத் தெரியாதவங்ககிட்ட குடுக்காதீங்க. ஃபிலிமா இங்க்ஜெட்டான்னு எழுத்துல வாங்கிக்கோங்க, எனக்கு அத போன்லதான் சொன்னாங்க, அதான் இப்ப கையில ஆதாரமே இல்ல.

யாராச்சும் இப்ப ஆர்டர் போட்டுட்டு காத்துக்கிட்டு இருந்தீங்கன்னா, ஷீட் வந்ததும் ஒரு பேப்பர்கூட செலவு பண்ணாம லூப் வச்சு வானம், சுவர் மாதிரி வெறும் இடத்தப் பாருங்க, கோடு தெரிஞ்சா அன்னிக்கே போட்டோ எடுத்து அனுப்பிடுங்க. என்னோட ஸ்டெப் வெட்ஜ் ஸ்கேன் வேணும்னா கேளுங்க, ஒப்பிட்டுப் பாக்க அனுப்பறேன்.