கிளப்ஹவுஸில் எட்டு ஆண்டுகள்: வெங்காயம், தொலைபேசி, பிறகு ஒரு வேலை

கிளப்ஹவுஸ் ஒன்றில் சேரப் போகிறேன் என்று சொன்னபோது அம்மா கேட்ட முதல் கேள்வி, “அங்கே சீட்டு விளையாடுவார்களோ?” கிளப் என்ற சொல்லுக்கு யாழ்ப்பாணத்தில் அவர் அறிந்திருந்த பொருள் அவ்வளவுதான். நான் சொன்னதோ மனநோய் கண்டவர்கள் பகலில் கூடி வேலை செய்யும் ஓர் இல்லத்தை. இரண்டாவது கேள்வி, “சம்பளம் எவ்வளவு?” சம்பளம் கிடையாது என்றதும் மூன்றாவது கேள்வி வரவில்லை. சொந்தக்காரர் யாராவது விசாரித்தால் கணினி வகுப்புக்குப் போவதாகச் சொல்லும்படி மட்டும் கேட்டுக்கொண்டார்.

அது 2017 ஒக்டோபர். எனக்கு 29 வயது. கணக்கியலில் பட்டம், இரண்டு முறை மனநல மருத்துவமனை வாசம், நான்கு ஆண்டுகளாக வேலையில்லை. மருந்து ஒருவாறு பிடித்துக்கொண்டிருந்தது. ஆனால் காலையில் எழுந்து போவதற்கு இடம் எதுவும் இல்லை. ரொறன்ரோ தமிழர்களில் சிலர் இப்போது என்னிடம் தனியாக, குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள்: “எங்கள் மகனுக்கும் இது சரிவருமா?” ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதை இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

அங்கே மருத்துவரும் இல்லை, மாத்திரையும் இல்லை, உளவளத்துணை அமர்வும் இல்லை. அலுவலக நாளைப் போல ஒரு நாள் ஓடும். காலையில் கூட்டம் போட்டு வேலைகளைப் பங்கிடுவார்கள். சமையல், வரவேற்பு, செய்திமடல், வருகைக் கணக்கு, துப்புரவு என்று அந்த வீட்டை நடத்துவதற்குத் தேவையான எல்லாமே வேலைதான். நோயாளி என்ற சொல் கிடையாது, எல்லோரும் உறுப்பினர். கட்டணம் இல்லை. சேர்வது நம் விருப்பம், காலக்கெடுவும் இல்லை.

கிளப்ஹவுஸ் என்ற இந்த வழிமுறை நியூயோர்க்கில் பிறந்தது. 1940களில் ரொக்லண்ட் அரசு மனநல மருத்துவமனையிலிருந்து வெளியே வந்தவர்கள் ‘நாம் தனியாக இல்லை’ என்ற பெயரில் குழுவாகி, நகரப் பொது நூலகத்தின் படிகளில் சந்தித்துக்கொண்டார்கள். 1948இல் அவர்களுக்கு மேற்கு 47ஆம் தெருவில் ஒரு வீடு கிடைத்தது. பின்முற்றத்தில் நீரூற்று இருந்ததால் அது ஃபவுண்டன் ஹவுஸ் ஆயிற்று. 1955இல் ஜோன் பியர்ட் என்ற சமூகப் பணியாளர் அதன் இயக்குநராக வந்த பிறகே வேலையை நடுவில் வைத்த இன்றைய வடிவம் உருவானது. தொடங்கியவர்கள் நோயை அனுபவித்தவர்களே என்பதால்தானோ என்னவோ, அந்த வீட்டின் வழக்கங்களில் நம்மைக் குழந்தையாக நடத்தும் தொனி குறைவு.

என் முதல் நாள் வேலை வெங்காயம் உரித்தது. மதியச் சாப்பாடு ஏறத்தாழ ஐம்பது பேருக்கு. என் பக்கத்தில் நின்று உரித்தவர் என்னைப் போன்ற உறுப்பினர் என்று நினைத்து அரை மணி நேரம் மருந்தின் பக்கவிளைவுகளைப் பற்றிப் புலம்பினேன். அவர் சம்பளம் வாங்கும் ஊழியர் என்பது சாப்பிடும்போதுதான் தெரிந்தது. இந்த இல்லங்களில் ஊழியர்களை வேண்டுமென்றே குறைவாக வைத்திருப்பார்கள். உறுப்பினர்கள் கைகொடுக்காவிட்டால் சோறு வேகாது, தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கும் என்ற அளவுக்குக் குறைவு. முதல் மாதம் இதைச் சிக்கனம் என்று நினைத்து எரிச்சல்பட்டேன். இலவசமாக வேலை வாங்குகிறார்கள் என்று வாரக் கூட்டத்தில் எழுந்து சொல்லவும் செய்தேன். ஒருவரும் கோபிக்கவில்லை. அந்த முறைப்பாட்டைக் கூட்டக் குறிப்பில் எழுதும் பொறுப்பை என்னிடமே கொடுத்தார்கள்.

நான் அங்கே பெற்ற தொழில்திறன்களைப் பட்டியலிட்டால் சாதாரணமாகத் தோன்றும். கூட்டக் குறிப்பு எழுதினேன். எக்செலில் வருகைக் கணக்கு வைத்தேன். அறிமுகமில்லாத குரலுக்குத் தொலைபேசியில் பதறாமல் பதில் சொல்லப் பழகினேன். இந்தத் தொலைபேசிக்கு மட்டும் எனக்கு ஐந்து மாதம் பிடித்தது. கணக்கியல் பட்டதாரி ஐந்து மாதம் தொலைபேசி எடுக்கப் பழகினான் என்று சொன்னால் ஊரில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

ஆனால் முதல் குளிர்காலத்தில் பதினொரு நாள் போகாமல் படுத்துக் கிடந்தேன். பன்னிரண்டாம் நாள் தொலைபேசி வந்தது. அறிவுரைக்குத் தயாராக இருந்தேன். எதிர்முனையில் ஒரு வயதான உறுப்பினர். “நீங்கள் போட்டு வைத்த வருகை அட்டவணையில் மூன்றாம் நிரலின் கூட்டல் ஏன் பிழையாக வருகிறது? எனக்குத் தெரியவில்லை. எப்போது வருவீர்கள்?” என்றார். அடுத்த நாள் போனேன். ஒரு நாள் தவறினால் எல்லாமே முடிந்தது என்று வீட்டுக்குள் பதுங்குவதுதான் என் பழைய வேலைகளைக் கெடுத்தது. தவறிய பின் திரும்பிப் போகப் பழகியது இங்கேதான். எந்தப் பயிற்சி நிலையமும் இதற்குச் சான்றிதழ் தராது.

வெளிவேலைக்கு அவர்களிடம் இடைக்கால வேலைவாய்ப்பு என்றொரு ஏற்பாடு உண்டு. ஒரு நிறுவனத்தில் ஒரு வேலையிடத்தை கிளப்ஹவுஸ் கேட்டுப் பெற்று வைத்திருக்கும். ஊழியர் ஒருவர் முதலில் தானே அந்த வேலையைக் கற்றுக்கொண்டு பிறகு நமக்குச் சொல்லிக்கொடுப்பார். பெரும்பாலும் வாரம் 15 முதல் 20 மணி நேரம், ஆறு முதல் ஒன்பது மாதம். சம்பளத்தை அந்த நிறுவனமே நேரடியாக நமக்குத் தரும், சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே போகாது. நாம் வர முடியாத நாளில் ஊழியர் போய் அந்த வேலையைச் செய்வார். முதலாளிக்கு நட்டமில்லை, நமக்கும் இடம் பறிபோகாது. நேர்முகத் தேர்வும் கிடையாது. நான்கு ஆண்டு வெற்றிடத்தை விளக்க வேண்டிய அவசியமில்லாமல் ஓர் அலுவலகக் கதவைத் திறந்து உள்ளே போனேன் என்பதை நினைத்தால் இன்றும் வியப்புத்தான்.

2018இல் ஒரு சட்ட அலுவலகத்தின் தபால் அறை. ஒன்பதாவது வாரத்தில் நோய் திரும்பியது. ஊழியர் போய் மீதி வாரங்களை ஓட்டினார். இனி எனக்கு இடம் தரமாட்டார்கள் என்று நம்பியிருந்தேன். 2019இல் வேறோர் அலுவலகத்தில் ஆவணங்களை ஸ்கேன் செய்யும் வேலை தந்தார்கள். அதை முழுதாக முடித்தேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். வேலை கைக்குப் படிந்து, தேநீர் இடைவேளையில் நாலு பேர் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கும்போது தவணை முடிந்துவிடும். அடுத்தவருக்கும் வாய்ப்பு வேண்டும் என்ற நியாயம் புரிகிறது. புரிந்தாலும் வலித்தது. கிடைப்பவை பெரும்பாலும் அடிமட்ட வேலைகள். படித்தவர்களுக்கு, அதுவும் பட்டத்தைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டும் நம் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு, அது தொண்டையில் சிக்கும். ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவிலிருந்து போய்வர எனக்கு நாளொன்றுக்கு இரண்டரை மணி நேரம் கரைந்தது. 2023 ஜூலையில் ஸ்காபரோ ரயில் தடம் புரண்டு சேவை நின்ற பிறகு இன்னும் கூடியது. தமிழில் மனம்விட்டுப் பேச ஒருவரும் இல்லை. கொரோனாக் காலத்தில் கட்டடம் மூடி, கணினித் திரையில் காலைக் கூட்டம் நடத்தினார்கள். திரைக்குள் வெங்காயம் உரிக்க முடியாது.

2022 முதல் ஒரு மொத்த விற்பனைக் கடையின் இருப்புக் கணக்கில் பகுதிநேர வேலை. இது நானே விண்ணப்பித்து, நேர்முகத் தேர்வுக்குப் போய் வாங்கியது. தபால் அறையையும் ஸ்கேன் வேலையையும் தன்விவரக் குறிப்பில் எழுத முடிந்தது, ஒருவர் பரிந்துரைக் கடிதமும் தந்தார். ஓடிஎஸ்பி என்ற ஒன்ராறியோ அரசின் மாற்றுத்திறனாளர் உதவித்தொகை பெறுபவர்கள் வேலைக்குப் போகுமுன் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். முன்பு மாதம் 200 டாலருக்கு மேல் உழைத்தால் மேலதிகத்தில் பாதியை உதவித்தொகையில் கழிப்பார்கள். 2023 பெப்ரவரியிலிருந்து 1000 டாலர் வரை கழிவில்லை, அதற்கு மேல் ஒவ்வொரு டாலருக்கும் 75 சதம் போகும். 2025இல் மணிக்கு 17.20 டாலர் சம்பளத்தில் வாரத்துக்குப் பதின்மூன்று, பதினான்கு மணி நேரத்தில் அந்த எல்லை வந்துவிட்டது. அதைத் தாண்டுவதா இல்லையா என்று நானே இன்னும் முடிவெடுக்கவில்லை.

உங்கள் மகனுக்குச் சரிவருமா? வேகமாக, படித்த துறையிலேயே வேலை வேண்டுமென்றால் வேறு வழி பாருங்கள். நோய் மும்முரமாக இருக்கும்போதும் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். மற்றபடி ஒரு நாள் சுற்றிப் பார்க்க விடுங்கள். நீங்கள் கூடப் போனால் வாசலோடு திரும்பிவிடுங்கள்.

வேலை கிடைத்த பிறகும் உறுப்பினர் உரிமை போகாது. வேலைக்குப் போகிறவர்களுக்காக மாலை நேர விருந்து ஒன்று வைக்கிறார்கள், நானும் போவேன். அம்மா எள்ளுருண்டை செய்து பிளாஸ்டிக் பெட்டியில் கட்டித் தருவார், பெட்டியைத் திரும்பக் கொண்டுவரும்படியும் சொல்வார். இதுவரை நான்கு பெட்டிகள் அந்தச் சமையலறையிலேயே தங்கிவிட்டன.