பாசிக் கூரையைத் துளைக்கும் ரப்பர் இரை

பள்ளி ஆய்வகத்தில் கண்ணாடிப் புனலுக்குள் ஒரு நீர்ச்செடியை வைத்து ஆக்சிஜன் குமிழிகளைப் பார்த்தோமே, அந்த ஹைட்ரில்லாவை இங்கே ஃபுளோரிடாவில் கண்டால் எல்லோரும் முகம் சுளிக்கிறார்கள். 1950களில் மீன்தொட்டி வியாபாரத்துக்காக இலங்கையிலிருந்து வந்த செடி. இன்று நான் தூண்டில் போடும் கிஸ்ஸிம்மியின் டோஹோ ஏரியில் கோரைக்கும் தாமரை இலைகளுக்கும் நடுவே பாசிப் பாயாக விரிந்து கிடக்கிறது. வெயில் ஏறியதும் பெருவாய் பாஸ் மீன் அந்தப் பாய்க்கு அடியில் போய் நின்றுகொள்ளும். வேர்ப்பதெல்லாம் நமக்குத்தான்.

நான் முதலில் வாங்கிய ரப்பர் இரைக்குக் கொடுக்கு, மீசை, எட்டுக் கால் எல்லாம் உண்டு. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். உயிருள்ள நண்டே தோற்கும் அழகு. ஆனால் எறிந்த ஒவ்வொரு முறையும் எட்டுக் கால்களாலும் பாசியைப் பற்றிக்கொண்டு மேலேயே உட்கார்ந்திருந்தது. அரை மணி நேரத்தில் மூன்று கால் போயிற்று. மீன் எட்டிப் பார்க்கவில்லை.

இப்போது என் பெட்டியில் முதலிடம் மிஸைல் பெய்ட்ஸ் நிறுவனத்தின் ‘டி பாம்’ (D Bomb) என்ற ரப்பர் இரைக்கு. நான்கு அங்குலம், வரி வரியான தடித்த உடல், பின்னால் இரண்டு தட்டை வால். சிக்கிக்கொள்ள ஒன்றுமில்லை. தூண்டில் முள்ளின் முனையை உடலுக்குள் புதைத்து, ஒன்றேகால் அவுன்ஸ் டங்ஸ்டன் குண்டு நகராதபடி அதன் முன்னால் தூண்டில் நரம்பில் ரப்பர் முடிச்சு ஏற்றிவிடுவேன். டங்ஸ்டன் விலை வயிற்றெரிச்சல்தான். ஆனாலும் ஈயத்தைவிட அடர்த்தி அதிகம். அதே எடைக்குச் சிறிய குண்டு, சிறிய ஓட்டை போதும். உயரத் தூக்கிப் போட்டால் பொத்தென்று பாசியைக் கிழித்து இறங்கும். மீனின் அடி பெரும்பாலும் இரை இறங்கும்போதே விழுகிறது. குண்டின் கனம் சட்டென்று மறைந்தாலோ, நரம்பு பக்கவாட்டில் நகர்ந்தாலோ யோசிக்காமல் இழுக்க வேண்டும். 65 பவுண்டு பின்னல் நரம்புக்குக் குறைந்து எதுவும் வேண்டாம். மீனோடு இரண்டு கிலோ பாசியும் சேர்ந்து வரும்.

காலையில், தாமரை இலைகளின் மேல், ஜூம் நிறுவனத்தின் ஹார்னி டோட் ரப்பர் தவளை. குண்டு தேவையில்லை. சீராகச் சுற்றினால் இரண்டு பாதங்களும் தண்ணீரைக் கொப்பளித்துக்கொண்டு வரும். உள்ளே காற்றடைத்த தவளைபோல இது மிதக்காது, நிறுத்தினால் மூழ்கும். குறை என்று நினைத்திருந்தேன். இலைகளுக்கிடையே இடைவெளி வரும்போது ஒரு நொடி நிறுத்தி மூழ்கவிட்ட பிறகுதான் அதன் அருமை தெரிந்தது. நம் ஊரில் விராலுக்குத் தவளை போட்டவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்: தண்ணீர் வெடித்ததும் கை பதறக் கூடாது, கனம் தெரிந்த பின்தான் இழுப்பு.

நிறத்துக்கு நான் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. பாசிக்கு அடியில் கறுப்பு-நீலம், தெளிந்த நீருக்குப் பூசணிப் பச்சை. கடையில் மற்ற நாற்பது நிறங்களைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்துவிடுவேன்.

ஒரு எச்சரிக்கை. பாக்கெட்டை வெயிலில் காருக்குள் விட்டால் வால்கள் கோணிக்கொள்ளும்; கொதிநீரில் சிறிது நேரம் போட்டெடுத்தால் நிமிர்ந்துவிடும். பால் காய்ச்சும் பாத்திரத்தில் இதைச் செய்தேன். அந்தப் பாத்திரம் இப்போது படகில் இருக்கிறது.