பிரவுசரிலேயே இரண்டு வருடம்

"போன்ல இடமே இல்லடா. ஆப்பையெல்லாம் தூக்கிட்டு பிரவுசர்லயே ஓட்டலாமா? நீ அப்படித்தானே வச்சிருக்க?" என்று நேற்று நண்பன் கேட்டான். போன சனிக்கிழமை கேட்டிருந்தால் யோசிக்காமல் 'ஓட்டு' என்றிருப்பேன்.

டிஸ்பிளே மாற்றக் கொடுத்த போன், உள்ளே இருந்ததெல்லாம் அழிந்து திரும்பி வந்தபோது தொடங்கியது இது. 3 ஜிபி ரேம் (செயலிகள் ஓடும்போது பயன்படும் தற்காலிக நினைவகம்) உள்ள பழைய ஆண்ட்ராய்டு. செயலிகளை மறுபடி இறக்குவதற்கு முன், தளங்களைக் குரோமில் திறந்து ஹோம் ஸ்கிரீனில் சேர்த்துப் பார்த்தேன். ஐகான் வந்து உட்கார்ந்தது. சில தளங்கள் முகவரிப் பட்டைகூட இல்லாமல் முழுத்திரையில் திறந்தன. பக்கத்தில் இருந்து பார்ப்பவர் செயலி என்றே நினைப்பார். அப்படியே இரண்டு வருடம் ஓடிவிட்டது.

நான் எதிர்பார்க்காத சுகம், எழுத்து. செயலியில் கண்ணெதிரே இருக்கும் ஆர்டர் எண்ணை எவ்வளவு நேரம் அழுத்திப் பிடித்தாலும் பல சமயம் காப்பி ஆகாது. செய்தவர்கள் அனுமதித்திருந்தால்தான் ஆகும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதைப் பார்த்துப் பார்த்து எண்ணைத் தட்டியவர்களுக்கு அந்த எரிச்சல் தெரியும். தளத்தில் அதே எண் தொட்டவுடன் விரலுக்கு வந்துவிடுகிறது. நீளமான விதிமுறைப் பக்கத்தில் வேண்டிய சொல்லைத் தேடலாம். இரண்டு பொருளை பிரவுசரின் இரண்டு டேப்களில் வைத்து ஒப்பிடலாம். ஒருமுறை அம்மாவுக்கு வாரண்டி விதிகளைப் படிக்கக் கொடுத்தேன். இரண்டு விரலால் பெரிதாக்கி, கண்ணாடி இல்லாமலே முழுதும் படித்தார். அதே நிறுவனத்தின் செயலியில் எழுத்தைப் பெரிதாக்க வழியே இல்லை.

2007இல் ஐபோன் வந்தபோது வெளியார் செயலிகளுக்கு அதில் இடம் கிடையாது. ஐபோனின் பிரவுசரான சஃபாரியில் ஓடும் தளங்களே போதும் என்றுதான் ஸ்டீவ் ஜாப்ஸ் டெவலப்பர்களிடம் சொன்னார். அடுத்த வருடம் ஜூலையிலேயே ஆப் ஸ்டோர் வந்துவிட்டது. முதலில் சொன்னதே சரி என்று இந்த இரண்டு வருடத்தில் எனக்குப் பலமுறை தோன்றியது. பாதித் திரையை மறைத்துக்கொண்டு 'செயலியில் திறக்கவும்' என்று வந்து நிற்கும் பட்டையைக்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, பழுதான ஒரு பொருளுக்காகப் புகார்ப் படிவம் நிரப்பினேன். பதினான்கு கட்டம். சீரியல் எண், வாங்கிய தேதி, என்ன கோளாறு என்று நான்கு வரி. கடைசியில் படம் இணைக்க வேண்டும். தொட்டேன், கேமரா திறந்தது, படம் எடுத்து ஓகே கொடுத்தேன். திரை ஒரு நொடி வெள்ளையானது. பக்கம் மேலிருந்து புதிதாக வந்தது. பதினான்கும் காலி. மறுபடி நிரப்பினேன், மறுபடியும் காலி. மூன்றாம் முறை படத்தை முதலிலேயே எடுத்து வைத்துக்கொண்டு, கேலரியில் இருந்து சேர்த்த பிறகுதான் போனது.

காரணம் தெரியாமல் இல்லை. கேமரா திறக்கும்போது ரேம் போதாவிட்டால், பின்னால் போன பிரவுசரை ஆண்ட்ராய்டு மூடிவிடும். திரும்பி வரும்போது பிரவுசர் முகவரியை வைத்துப் பக்கத்தை மறுபடி இறக்கும். நான் எழுதியது அதோடு போய்விடும். செயலியையும் இப்படித்தான் மூடும். ஆனால் மூடுவதற்கு முன், இருக்கும் நிலையைச் சேமித்துக்கொள்ள அதற்கு ஒரு வாய்ப்புத் தரும். மொபைல் தளங்கள் எல்லாவற்றையும் இதற்காகக் குற்றம் சொல்வது நியாயமில்லை. நாம் தட்டத் தட்ட அதை பிரவுசரின் லோக்கல் ஸ்டோரேஜில், அதாவது தளம் போனிலேயே தகவலைச் சேமிக்கும் இடத்தில், எழுதி வைத்துக்கொள்ளச் சில வரி நிரல் போதும். அந்த வசதி வந்து பல வருடம் ஆகிறது. அந்தச் சில வரியை இந்தத் தளத்தில் யாரும் எழுதவில்லை என்பதில்தான் எனக்குக் கோபம்.

அன்று இரவே அந்த நிறுவனத்தின் செயலியை இறக்கி, அதே படிவத்தை நிரப்பி, கேமராவுக்குப் போய் வந்து பார்த்தேன். எழுதியது அத்தனையும் அப்படியே இருந்தது. இன்னும் இரண்டு செயலிகளையும் திரும்பப் போட்டேன். அதில் ஒன்றை நெட்டை அணைத்துவிட்டுத் திறந்தால், பிரவுசரில் வருகிற அதே 'வலைப்பக்கம் கிடைக்கவில்லை' வருகிறது. தளத்தையே ஒரு உறைக்குள் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அதை உடனே அழித்துவிட்டேன். நண்பா, நீயும் எதையாவது போட்டால் முதலில் இப்படிச் சோதித்துப் பார்.

உன்னிடம் இருப்பது ஐபோன் என்பதால் இன்னொன்று. தளங்களின் நோட்டிஃபிகேஷன் அதில் வரத் தொடங்கியதே 2023 மார்ச்சில், ஐஓஎஸ் 16.4 வந்த பிறகுதான். அதுவும் தளத்தை ஹோம் ஸ்கிரீனில் சேர்த்திருந்தால் மட்டும்.

எழுத்து, தேடல், டேப் என்று இவ்வளவு சொன்ன பிறகும் என் பதில், செயலியையே வைத்துக்கொள் என்பதுதான். இடம் போதவில்லை என்றால் பழைய வீடியோக்களை அழி. அந்தப் பதினான்கு கட்டத்தை மூன்று முறை நிரப்பிய எரிச்சல் இன்னும் போகவில்லை, இப்போதைக்கு என்னால் வேறு பதில் சொல்ல முடியாது.