கும்பகோணத்து ஆயுர்வேத உணவகம்: கஞ்சியை நம்பலாம், பலகையை நம்ப வேண்டாம்

கும்பகோணம் கடைத்தெருவை ஒட்டிய சந்து ஒன்றில், ‘ஆயுர்வேத உணவு’ என்று பலகை மாட்டி நடக்கும் சிறிய கடையில் சில மாதங்களாகச் சாப்பிட்டு வருகிறேன். எந்தச் சூப்புக்கும் மூலிகைப் பெயர் வைத்து விற்கும் இந்நாளில், இங்கே அடுப்படியில் நிற்கும் அம்மாள் நூல் வழக்கை அறிந்தே சமைக்கிறார்.

கடையின் சிறப்பு காலைக் கஞ்சி. பருக்கையில்லாத வடிநீரை மண்டம் என்றும், சிறிது பருக்கையோடு நீர்த்திருப்பதைப் பேயா என்றும், குழைந்து கெட்டியானதை விலேபி என்றும் ஆயுர்வேத நூல்கள் பிரிக்கின்றன. வமனம் (வாந்தி எடுக்க வைத்தல்), விரேசனம் (பேதி கொடுத்தல்) போன்ற சிகிச்சைகளுக்குப் பின் மந்தப்பட்ட பசித்தீ மீளும் வரை, பேயாவில் தொடங்கிப் படிப்படியாகவே கெட்டியான உணவுக்கு வரச் சொல்கின்றன. அறுபது நாளில் விளையும் நெல்லை ஆயுர்வேத ஆசான் சரகர் நாள்தோறும் உண்ணத்தக்கவற்றுள் வைத்தார். புது நெல் செரிக்கக் கனமானது, ஓராண்டு கடந்த தானியமே நல்லது என்பதும் அவரது நூலான சரக சம்ஹிதையின் கருத்து. இக்கடையில் அறுபதாம் குறுவையைப் பழைய நெல்லாகப் பார்த்து வாங்கிக் குத்தி, குருணையாக உடைத்து, சுக்கும் திப்பிலியும் தட்டிப் போட்டு, இந்துப்போடு காய்ச்சுகிறார்கள். தை அறுவடை முடிந்து ஊரெங்கும் புது அரிசி மலிந்த போதும் இதை மாற்றவில்லை.

காய்ச்சலில் கிடந்து எழுந்த என் அத்தைக்காகத் தூக்கை நீட்டியபோது, “அத்தைக்குப் பசி எடுக்குதா தம்பி, வயிறு இன்னும் உப்புசமா இருக்கா?” என்று அந்த அம்மாள் விசாரித்துவிட்டு, கெட்டிக் கஞ்சிப் பானையை மூடி நீர்த்ததை ஊற்றினார். உணவைத் தீர்மானிக்கும் எட்டு காரணங்களில் உண்பவரையும் ஒன்றாகச் சரகர் எண்ணியதன் பொருள் அந்தக் கேள்வியில் இருந்தது.

மதியச் சாப்பாட்டில் வேப்பம்பூ ரசமும் வாழைப்பூக் கூட்டும் வருவதால் அறுசுவையில் கசப்பும் துவர்ப்பும் விடுபடுவதில்லை. கடைசியில் ஊற்றும் மோர் நன்றாகக் கடைந்து வெண்ணெய் எடுத்தது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். கொதிக்கும் எலுமிச்சை நீரில் தேன் கலந்து தருகிறார்கள். தேனைச் சூடாக்குவதையும் சூடானதோடு சேர்ப்பதையும் சரகரும் பிற்கால ஆயுர்வேத நூலாசிரியரான வாக்படரும் ஒருசேர விலக்கியிருக்கிறார்கள். இரவில் தயிர் கூடாது என்று நூல் சொல்லியிருக்க, இரவுப் பட்டியலில் தயிர்ச்சாதம் இருக்கிறது.

இவற்றைவிடப் பெரிய குறை, ‘சர்க்கரை நோய் அடியோடு தீரும்’ என்று வாசலில் எழுதியிருப்பது. சர்க்கரை நோயையும் உள்ளடக்கிய பிரமேகம் என்ற நோயை 20 வகையாகப் பிரித்த சரக சம்ஹிதையே, கபத்தால் வருவது தீரும், பித்தத்தால் வருவதைக் கட்டுக்குள் வைக்கலாம், வாதத்தால் வருவது தீராது என்றுதான் கூறுகிறது. நூலே தராத வாக்கை நம்பி யாரேனும் மாத்திரையை நிறுத்தினால் விளைவு விபரீதமாகும். உரிமையாளரிடம் இதைச் சொன்னேன். அந்த வரி இன்னும் அழிக்கப்படவில்லை.

கஞ்சி காலை பத்து மணிக்குள் தீர்ந்துவிடும். நோயாளிக்கு வாங்குவதானால் முன்னதாகப் போய், உடல்நிலையைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். தேன் கலந்த பானத்தைத் தவிர்த்துவிடுங்கள்.