தி கிளாஸ் கீ – டேஷியல் ஹாமெட்

மால்டீஸ் ஃபால்கன்ங்கற துப்பறியும் நாவல் எழுதின அதே ஹாமெட்தான், ஆனா 1931ல வந்த இந்த நாவலப் பத்தி நம்மாளுங்க பேசுறதே கம்மி, எனக்கு அது வருத்தம். பேரே சொல்லாத ஒரு அமெரிக்க ஊரு, மதுவிலக்கு காலம், அரசியலையே கைக்குள்ள வச்சிருக்கற பால் மாட்விக், அவனோட வலதுகை நெட் போமாண்ட், செனட்டர் மகன் தெருவுல செத்துக் கெடக்கறான், அரசு வக்கீல்லேருந்து பேப்பர்காரன் வரைக்கும் எல்லாரும் யாரோ ஒருத்தன் பாக்கெட்டுல.

எதிர் கேங் நெட்ட ரூம்ல அடச்சுவச்சு அடிக்கற எடம் இருக்கே, படிக்கவே முடியல, மெத்தைக்குத் தீ வச்சுத்தான் தப்பிக்கறான். அவன் மனசுல என்ன ஓடுதுன்னு ஹாமெட் சொல்லவே மாட்டார், கட்டைவிரல் நகத்தால மீசைய நீவுறான்னு மட்டும் எழுதுவார், மிச்சத்த நாமதான் புரிஞ்சுக்கணும். கொலையவிட நெட்டுக்கும் பாலுக்கும் இருக்கற நட்பு எங்க உடையுதுங்கறதுதான் என்ன உலுக்கிடுச்சு. செனட்டர் மகள் ஜேனட் ஹென்றி பகுதி கொஞ்சம் அவசரம். இங்கிலீஷ் ஈஸிதான், தாராளமா வாங்குங்க.