பூசணிக்காயா, பூட்டிய பெட்டியா? கொலை மர்மமும் உளவு நாவலும்

கொலை மர்மம் எழுதுகிறவர் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாக வேண்டும், அதுவும் வாசகரின் இலையிலேயே. கடைசி அத்தியாயத்தில் துப்பறிவாளர் சோற்றை விலக்கும்போது, ‘அட, அப்போதே கண்ணில் பட்டதே!’ என்று நாம் நெற்றியில் அடித்துக்கொள்ள வேண்டும். வெளியிலிருந்து காயைக் கொண்டுவந்து வைத்தால் அது மோசடி. உளவு நாவல்காரருக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. பெட்டி பூட்டியிருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிடுவார். சாவி யாரிடம், உள்ளே இருப்பது அசலா போலியா, திறக்கப் போனவன் உயிரோடு திரும்புவானா என்பதில் கதை ஓடும். இரண்டையும் ‘த்ரில்லர்’ என்று ஒரே அலமாரியில் அடுக்கிவிடுகிறார்கள். ஒன்றில் ருசி கண்டவர் மற்றதை எடுத்து ஐம்பதாவது பக்கத்தில் மூடிவைப்பதும் அதனால்தான்.

கொலை மர்மத்துக்கு எழுதப்பட்ட சட்டமே இருக்கிறது. ரொனால்ட் நாக்ஸ் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் 1929இல் பத்து விதிகளை வகுத்தார். குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே தலைகாட்டிவிட வேண்டும். பேய், பிசாசு கூடாது. அதுவரை யாரும் அறியாத விஷம் கூடாது. துப்பறிவாளர் கண்ட தடயம் வாசகருக்கும் உடனே தெரிய வேண்டும். தற்செயல் அவருக்குக் கைகொடுக்கக் கூடாது. இந்தக் கடைசி விதியைத் தலைகீழாக்கியே ஒரு தொடர் முழுவதையும் நடத்திக் காட்டியவர் நம் தேவன். துப்பறியும் சாம்புவுக்கு வெற்றி எல்லாமே அதிர்ஷ்டத்தில் விழுபவை. ஆனால் அது நகைச்சுவை. சிரிக்க வைக்காத நாவலில் அதே உத்தி வந்தால் புத்தகம் சுவருக்குப் பறக்கும்.

விதிக்குள் நின்று விளையாடுவது எப்படி என்பதற்கு அகதா கிறிஸ்டியின் முதல் நாவலே போதும்: 1920இல் வந்த ‘தி மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்’. (கொலை செய்த முறையைச் சொல்லப் போகிறேன். படிக்காதவர்கள் அடுத்த பத்திக்குத் தாவிவிடுங்கள்.) ஸ்ட்ரிக்னைன் என்ற விஷம் துளியளவு சேர்த்த டானிக்கில் தூக்கத்துக்கான புரோமைடு தூளைப் போட்டால், ஸ்ட்ரிக்னைன் கரையாத உப்பாகி அடியில் படிந்துவிடும். தினமும் ஒரு வேளை ஊற்றிக் குடிப்பவருக்குக் கடைசி வேளையில் மொத்த விஷமும் சேர்ந்து வரும். கொலையாளி அப்போது வேறு ஊரில் இருக்கலாம். டானிக், தூள் டப்பா எல்லாமே நம் கண்முன் வைக்கப்பட்டவைதான். சேர்த்துப் பார்க்கத்தான் நமக்குத் தோன்றவில்லை. முதல் உலகப் போரில் டார்கீ ஊர் மருத்துவமனையின் மருந்தகத்தில் கம்பவுண்டர் வேலை பார்த்தவர் கிறிஸ்டி. அந்த அனுபவம் இங்கே பேசுகிறது.

இந்த நேர்மைக்கு ஒரு விலை உண்டு. எட்டுப் பேர் மீதும் கடைசிவரை சந்தேகம் நிற்க வேண்டுமென்றால், எட்டுப் பேர் மனசுக்குள்ளும் ஆழமாக இறங்க முடியாது. இறங்கினால் யார் கொலையாளி என்பது தெரிந்துவிடும். அதனால் கர்னல், டாக்டர், வாரிசு, வேலைக்காரி என்று அட்டை மனிதர்களாகவே நிற்பார்கள். நடுப்பகுதி சோர்வதும் இதே கோளாறுதான்: ஒன்பதரை மணிக்கு எங்கே இருந்தீர்கள் என்று வரிசையாக எட்டு விசாரணை. தேர்ந்த எழுத்தாளர் அங்கே இரண்டாவது பிணத்தைப் போடுவார். தேராதவர் துப்பறிவாளருக்கு ஒரு தந்தியை வரவழைத்து, ‘படித்ததும் அவர் முகம் மாறியது’ என்று எழுதிவிட்டு, தந்தியில் என்ன இருந்தது என்பதை மறைத்துவிடுவார். அந்த வரி வந்தாலே ஏமாற்றப்படுகிறோம் என்று அர்த்தம்.

உளவு நாவலில் மறைப்பது தப்பே இல்லை; ஏன் மறைத்தார் என்பதற்குக் கதைக்குள் காரணம் இருந்தால் போதும். முடிவைக்கூடத் திறந்து வைக்கலாம். ஃபிரெடெரிக் ஃபோர்சித்தின் ‘தி டே ஆஃப் தி ஜக்கால்’ 1971இல் வெளிவந்தபோது, அதில் கொலைக்குக் குறிவைக்கப்படும் பிரெஞ்சு அதிபர் டி கோல் நிஜத்தில் இயற்கையாக இறந்தது ஊருக்கே தெரியும். கொலை முயற்சி பலிக்காது என்று தெரிந்த வாசகரைக் கடைசிப் பக்கம்வரை இழுத்துப் போவது செய்முறைதான். சின்ன வயதில் இறந்த ஒருவரின் பெயரைக் கல்லறையில் தேடிப் பிடிப்பது, அந்தப் பெயரில் பிறப்புச் சான்றிதழ் வாங்குவது, அதைக் காட்டிப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிப்பது என்று ஒவ்வொரு படியும் அலுவலகக் குறிப்பு மாதிரி வறட்சியாக எழுதப்பட்டிருக்கும். அந்த வறட்சிதான் நம்ப வைக்கிறது.

ஜான் லெ காரே வேறு ரகம். பிரிட்டனின் உளவு அமைப்புகளான எம்.ஐ.5, எம்.ஐ.6 இரண்டிலும் வேலை செய்தவர். அவருடைய ‘டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை’ (1974) உளவு நாவல் என்று பெயர் வாங்கியிருந்தாலும், எலும்புக்கூடு கொலை மர்மத்துடையது. உளவு அலுவலகத்தின் உச்சியில் ஒரு துரோகி. சந்தேக வட்டத்தில் ஐந்து பேர். துப்பறியும் ஜார்ஜ் ஸ்மைலியே அந்த ஐவரில் ஒருவர். வித்தியாசம், விசாரணை நடப்பது பெரும்பாலும் பழைய கோப்புகளில். எந்தத் தேதியில் யார் பணியில் இருந்தார், எந்தப் பக்கம் கிழிக்கப்பட்டது என்பதுதான் தடயம். கொலை மர்மத்தில் செய்ய முடியாத ஒன்றையும் இதில் செய்துவிடுகிறார்: சந்தேகத்துக்குரிய ஆட்கள் எல்லோருக்கும் ரத்தமும் சதையும் இருக்கிறது. யார் என்று தெரியும்போது வருவது ஆச்சரியத்தைவிடத் துக்கம்தான்.

இந்த நாவலில் வாசகர் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. முதல் அத்தியாயம் லண்டனில் தொடங்காமல் ஒரு பள்ளிக்கூடத்தில் தொடங்குகிறது; ஸ்மைலி இரண்டாவதில்தான் வருகிறார். அடுத்தது குழூஉக்குறி. அலுவலகத்தின் பெயர் ‘சர்க்கஸ்’, கேம்பிரிட்ஜ் சர்க்கஸ் சந்திப்பில் இருப்பதால். அடிதடி, மிரட்டல் பிரிவு ‘ஸ்கால்ப்ஹன்டர்ஸ்’. கண்காணிப்பும் மறைவிட ஏற்பாடும் ‘லாம்ப்லைட்டர்ஸ்’. எதற்கும் ஆசிரியர் விளக்கம் தரமாட்டார். ஒரு துண்டுத் தாளில் பெயர், பட்டப்பெயர், முன்பு பணியாற்றிய ஊர் மூன்றையும் குறித்துக்கொண்டே போங்கள். நாற்பது, ஐம்பது பக்கத்துக்குப் பிறகு தாள் தேவைப்படாது.

மோசமான உளவு நாவலின் நோய் வேறு. முதல் துரோகம் அதிர்ச்சி, இரண்டாவது திருப்பம், மூன்றாவதில் யார் எந்தக் கட்சி என்றே நமக்கு அக்கறை போய்விடும். உலகமே அழியப்போகிறது என்று பணயத்தை ஏற்றுவதும் அப்படித்தான். பெர்லின் சுவரைத் தாண்ட வேண்டிய ஒரே ஒரு ஆள் தரும் பதற்றத்தை அணுகுண்டு தருவதில்லை.

இரண்டு உலகமும் ஒரே வீட்டில் இருந்ததும் உண்டு. விதி வகுத்த நாக்ஸின் அண்ணன் டில்லி நாக்ஸ், இரண்டாம் போரில் ப்ளெட்ச்லி பார்க்கில் ஜெர்மன் ரகசியக் குறியீடுகளை உடைத்தவர். கிறிஸ்டி 1941இல் எழுதிய உளவு நாவல் ‘என் ஆர் எம்?’ இல் மேஜர் ப்ளெட்ச்லி என்று ஒரு பாத்திரம் வர, ரகசிய இடம் கசிந்துவிட்டதோ என்று எம்.ஐ.5க்கு உதறல் எடுத்தது. அவரிடம் பேச்சுவாக்கில் விசாரித்தவர் இந்த டில்லிதான். ரயில் ப்ளெட்ச்லி ஊரில் நின்று கழுத்தறுத்தது, அதற்குப் பழிவாங்கத்தான் சகிக்க முடியாத ஒரு ஆளுக்கு அந்தப் பெயரை வைத்தேன் என்றாராம் கிறிஸ்டி.

தமிழில் கொலை மர்மம் கொழித்த அளவுக்கு உளவு நாவல் வேர்பிடிக்கவில்லை. சுஜாதாவின் கணேஷும் வசந்தும் வக்கீல்கள்; சுபாவின் நரேந்திரனும் வைஜயந்தியும் தனியார் துப்பறிவாளர்கள். ஒரு வீடு, ஆறு பேர், ஒரு பிணம் என்பது மாத நாவலின் ஒல்லி உடம்பில் அடங்கிவிடும். உளவுக்கு ஒரு அலுவலகமும் அதன் பொறாமைகளும் பத்து வருடப் பழங்கணக்கும் வேண்டும். அதற்குப் பக்கம் போதாது.

தினமும் அரை மணி ரயில் வாசிப்புதான் வாய்க்கிறது என்றால் கொலை மர்மம் எடுங்கள். அத்தியாயம் சின்னது, விட்ட இடம் மறக்காது. லெ காரேவுக்குத் தொடர்ந்து இரண்டு மணி நேரமாவது வேண்டும். மர்மத்திலிருந்து உளவுக்கு மாற நினைப்பவருக்கு அவருடைய முதல் நாவல் ‘கால் ஃபார் தி டெட்’ (1961) சரியான படிக்கட்டு. தற்கொலை செய்துகொண்டதாகச் சொல்லப்படும் ஒருவர், மறுநாள் காலை எட்டரைக்குத் தன்னை எழுப்பிவிடும்படி தொலைபேசி நிலையத்தில் சொல்லிவைத்திருக்கிறார். சாகப்போகிறவருக்கு அலாரம் எதற்கு? அசல் பூசணிக்காய்த் தடயம்.

வரிசையில் மட்டும் கவனம். கிறிஸ்டியின் ‘மர்டர் ஆன் தி ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்’ படிக்காமல் ‘கார்ட்ஸ் ஆன் தி டேபிள்’ பக்கம் போகாதீர்கள். பின்னதில் துப்பறிவாளர் பொய்ரோ ஒரே வரியில் முன்னதன் முடிச்சைப் போட்டு உடைக்கிறார். லெ காரேவின் ‘தி ஹானரபிள் ஸ்கூல்பாய்’ தொட்டால் ‘டிங்கர் டெய்லர்’ துரோகியின் பெயர் தெரிந்துவிடும். முன்னுரை எதுவானாலும் கடைசியில் படியுங்கள்.